எஞ்சின் ஆறும்வரை

பந்தயம் முடிந்ததும் எஞ்சின் ஆற இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். அதுவரை காரை யாரும் தொடக்கூடாது.

கம்பிவேலிக்குள் வெள்ளைக் கார்வெட் நின்றது. கதவில் நாற்பத்தொன்று என்ற எண். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ரேடியோ, ஹீட்டர் எதுவும் இல்லாமல், கனமான பிரேக்குகளோடு பந்தயத்துக்கென்றே வந்த கார். ஹோலிஸ் அதை வாங்கியபோது முன்பக்கம் நொறுங்கிக் கிடந்தது. ஃபைபர் ஒட்டுகள் இப்போதும் வெயிலில் தனித்தனியாகத் தெரியும். சக்கரங்களிலிருந்து கதவின் பாதி உயரம்வரை ஜார்ஜியாச் செம்மண் அடித்திருந்தது.

அதன் பக்கத்தில் அதே வகையில் இன்னொன்று. நீல நிறம், எண் ஏழு. க்ளைட் ட்ராமெலுடைய கார். இரண்டாவதாக வந்தது.

ட்ராமெல் வேலிக்கு வெளியே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மடியில் வேகவைத்த கடலைப் பொட்டலம். தோலை உறிஞ்சிவிட்டு ஹோலிஸ் நின்ற பக்கமாகத் துப்பினான்.

"ஏய்யா ஹோலிஸ், கடலை வேணுமா? ரெண்டு மணி நேரம் சும்மாதானே நிக்கப் போறே."

ஹோலிஸ் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உப்பு கொஞ்சம் தூக்கல். உனக்கு ஏற்கெனவே நாக்கு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். வேணாம், விடு."

ட்ராமெலின் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

தோற்றவன் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பொதுவாகச் சந்தேகப்பட முடியாது. எஞ்சினில் எது தப்பு என்று குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் கோபத்தில் எதையாவது எழுதுவார்கள், ஒன்றும் அகப்படாது. ட்ராமெல் எழுதியிருந்தது இரண்டே சொற்கள். வால்வு உயர்வு.

ஹோலிஸ் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான்.

எஞ்சினின் தலையில் வால்வுகளை அழுத்தித் திறக்கும் சின்ன இரும்பு நெம்புகோல்கள் பதினாறு இருக்கும். ராக்கர் என்பார்கள். வால்வு எவ்வளவு தூரம் திறக்கலாம் என்பதற்கு விதி உண்டு. மூன்று வாரத்துக்கு முன் ஹோலிஸ் பழைய ராக்கர்களைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவிட்டு வேறு பதினாறு மாட்டினான். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் வால்வை விதியைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும். பழைய எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, பழசின் நிறத்துக்கே கொண்டுவந்திருந்தான். இன்று காலை மூடியைத் திறந்து இடைவெளி சரிபார்த்தபோது தன் கண்ணாலேயே கண்டுபிடிக்க முடியாததில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மனைவி நோரீனிடம் சொல்லவில்லை. காரை ஓட்டுபவள் அவள். பிரேக், டயர் எல்லாம் அவள் பொறுப்பு. எஞ்சின் மட்டும் அவன் பொறுப்பு. கல்யாணத்துக்கு முன்பே அப்படித்தான்.

இந்தப் பந்தயத்தில் அவள் ஜெயிப்பாள் என்று அவன் நம்பவில்லை. ட்ராமெலின் கார் பின்பக்கத்து நீண்ட நேர்பாதையில் எப்போதும் ஒரு கார் தூரம் எடுத்துவிடும். அதை ஈடுகட்ட வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை.

அவள் ஜெயித்துவிட்டாள். கடைசிச் சுற்றில், நேர்பாதை முடியும் இடத்தில், ட்ராமெல் பிரேக்கை மிதித்த பிறகும் மிதிக்காமல் போய், உள்பக்கமாக நுழைந்து முந்தினாள். நேர்பாதையில் கார் அவன் எதிர்பார்த்த அளவு இழுக்கவில்லை. எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டான்.

நோரீன் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வலது குதிகால் கொப்பளித்திருந்தது. இப்போதெல்லாம் அவனோடு ஒன்றிரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வருஷத்தின் கடைசிப் பந்தயம், அந்தப் பதற்றம் என்று விட்டுவிட்டான்.

அருகில் போய் குந்தினான்.

"நோரீன், நாம தெறக்க வேணாம்."

"ஏன்?"

"அவன் யாரு நம்ம எஞ்சினத் தெறக்கச் சொல்ல? பொம்பளகிட்ட தோத்தது அவனுக்குப் பொறுக்கல. அதுக்கு நாம துணிய அவுத்துக் காட்டணுமா?"

திறக்க மறுக்கலாம், அதற்கும் விதி உண்டு. ஓட்டுநர் கையெழுத்துப் போட்டால் போதும். வெற்றி போய்விடும். ஆனால் எதனால் என்று எங்கும் குறிக்கமாட்டார்கள். அவமானம் தாங்காமல் மறுத்தேன் என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொள்ளலாம். அப்படிச் சொல்லித் திரிகிற நாலைந்து பேரை ஹோலிஸுக்கே தெரியும். அவர்களைப் பற்றி அவன் என்ன நினைத்தான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"காட்டுனா என்ன? ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு தெரிஞ்சுட்டுப் போவுது" என்றாள்.

"ஜெயிச்சது எல்லாரும் பாத்தாங்க. அது போதாதா?"

"போதாது."

"பிடிவாதம் பிடிக்காத."

அவள் காலுறையை உருவி மடித்து பூட்ஸுக்குள் வைத்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்தாள்.

"மூணு வருஷமா இந்த ஒரு பந்தயத்துக்காக ஓட்டியிருக்கேன். விட்டுடுன்னு சொல்ற. சரி. ஒரே ஒரு காரணம் சொல்லு, ஹோலிஸ். நெசமான காரணம். சொன்னா இப்பவே போயி கையெழுத்துப் போட்டுடறேன். அப்பறம் அதப் பத்திப் பேசக்கூட மாட்டேன்."

அவன் கொப்பளித்த குதிகாலைப் பார்த்தான்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

"அது காரணம் இல்ல."

"எம்மேல நம்பிக்கை இல்லியா ஒனக்கு?"

நோரீன் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கேட்க நன்றாக இல்லை.

"இத நீ கேக்குற" என்றாள்.

அவன் எழுந்து போய்விட்டான். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினான். திரும்பி வந்தபோது ட்ராமெல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நோரீனுக்கு எதிரில், வேலியை ஒட்டி வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏம்மா, நேர்பாதைல என் பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்தியே. அது ஒன் கால் செஞ்ச வேலையா, ஒன் புருஷன் கை செஞ்ச வேலையா?"

"நீங்க பிரேக் மிதிச்ச எடத்துல நான் மிதிக்கல. அவ்ளோதான்."

"அவ்ளோதான்?"

"உங்களுக்குப் பயம் வந்துது. எனக்கு வரல. வேற மாதிரி சொல்லணுமா?"

ட்ராமெலின் ஆள் ஒருவன் சிரித்துவிட்டு, முதலாளி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"வாய் நல்லாத்தான் ஓடுது" என்றான் ட்ராமெல். ஹோலிஸ் வருவதைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "ஷார்லட் ஊர்ல ஒருத்தன் இருக்கான். இரும்ப அழுத்தி, வளைச்சு, என்ன உருவம் கேட்டாலும் செஞ்சு குடுப்பான். நல்ல வேலைக்காரன். ஒரே கொறை, ரெண்டு கிளாஸ் உள்ள போனா யார் யார் என்ன வாங்குனாங்கன்னு ஒப்பிச்சுடுவான். ஒனக்குத் தெரியுமாய்யா ஹோலிஸ், அவன?"

"தெரியாது."

"அப்படியா? அவனுக்கு ஒன்னத் தெரியுதே."

நோரீன் அந்தப் பேச்சைக் கவனித்ததாகவே தெரியவில்லை. காகிதத்தில் சுற்றிய சீஸ் சாண்ட்விச்சைப் பிரித்து, நிதானமாகத் தின்னத் தொடங்கினாள். ஹோலிஸுக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் இவள் முகத்தில் எல்லோரும் காறித் துப்பப் போகிறார்கள், இவள் விரலை நக்கிக்கொண்டிருக்கிறாள்.

தலைமைப் பரிசோதகர் ஆஸ்குட் நேரத்தைப் பார்த்துவிட்டு வேலிக்கதவைத் திறந்தார். ஒல்லியான மனிதர். தேவையில்லாமல் ஒரு சொல் பேசமாட்டார். மேசைமேல் வால்வு உயர்வை அளக்கும் டயல் கேஜை வைத்துத் துணியால் துடைத்தார். அதன் முள் அசைந்து பூஜ்யத்துக்கு வந்து நின்றது. ஆட்சேபம் கொடுத்தவன் என்பதால் ட்ராமெலும் உள்ளே வந்து, தரையில் போட்ட கோட்டருகே நின்றான்.

"தெறக்கலாமா, இல்ல மறுக்கறீங்களா?" என்று நோரீனைக் கேட்டார்.

நோரீன் ஹோலிஸைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவன் கருவிப்பெட்டிக்குள் ஸ்பானரைத் தேடினான்.

"தெறங்க" என்றாள்.

அந்தந்தக் காரின் மெக்கானிக்தான் திறக்க வேண்டும். பரிசோதகர் அளப்பார், அவ்வளவுதான். ஹோலிஸ் முன்மூடியைத் தூக்கி நிறுத்தினான். எஞ்சினில் கைவைத்துப் பார்த்தான். ஆறியிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினான். பிறகு வால்வு மூடியின் போல்ட்டுகள். மூன்றாவது போல்ட்டில் ஸ்பானர் வழுக்கி விரல் முட்டி உரிந்தது.

"கை நடுங்குதே" என்றான் ட்ராமெல். "புருஷன் கைய ஒருத்தராவது புடிச்சுக்குங்கப்பா."

"மிஸ்டர் ட்ராமெல், கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க" என்றார் ஆஸ்குட், தலைநிமிராமல்.

கடைசி போல்ட்டில் ஹோலிஸ் நின்றான். ஒரு வாக்கியம் அவனிடம் தயாராக இருந்தது. இது நான் செய்தது, அவளுக்கு ஒன்றும் தெரியாது. கழிப்பறையில் முகம் கழுவும்போதே அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது சொன்னால் அவள் பெயராவது மிஞ்சும். அவனை ஆயுசுக்கும் எந்தப் பந்தயத் திடலுக்குள்ளும் விடமாட்டார்கள். அவன் கடைக்கு ஒருத்தன் எஞ்சின் கொண்டுவரமாட்டான்.

போல்ட்டைக் கழற்றினான். மூடியை எடுத்து ஓரமாக வைத்தான்.

எண்ணெய் பூசிய ராக்கர்கள் வரிசையாக இருந்தன. ஆஸ்குட் கேஜை முதல் வால்வின் தலைமேல் நிறுத்தினார்.

"சுத்துங்க."

ஹோலிஸ் முன்பக்க போல்ட்டில் நீண்ட ஸ்பானரைப் போட்டு எஞ்சினை மெதுவாகக் கையால் சுற்றினான். ராக்கர் சாய்ந்தது. வால்வு இறங்கியது. கேஜின் முள் ஓடியது. ஹோலிஸ் வேறு பக்கம் பார்த்தான். வேலியில் யாரோ தொங்கவிட்ட துண்டைப் பார்த்தான்.

"அளவுக்குள்ள இருக்கு" என்றார் ஆஸ்குட்.

ஹோலிஸுக்குக் காதில் சரியாக விழவில்லை.

"என்னது?" என்று கேட்டது ட்ராமெல்.

"விதிக்குள்ள இருக்கு. அடுத்தது. சுத்துங்க."

இரண்டாவதும் விதிக்குள் இருந்தது. மூன்றாவதும். ட்ராமெல் கோட்டைத் தாண்டி வந்தான். எல்லாவற்றையும் அளக்க வேண்டும் என்றான். ஆஸ்குட் எல்லாவற்றையும் அளந்தார். மறுபக்க மூடியையும் ஹோலிஸ் கழற்றினான். பதினாறும் ஒரே அளவு காட்டின.

"கேஜ் தப்பு" என்றான் ட்ராமெல்.

"போன பந்தயத்துல உங்க காரையும் இதாலதான் அளந்தேன்."

"ஒங்களுக்கு எவ்வளவு குடுத்தான்?"

ஆஸ்குட் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னொரு வார்த்த பேசுனீங்கன்னா அடுத்த வருஷம் ஓட்டமாட்டீங்க."

ட்ராமெல் கடலைப் பொட்டலத்தைத் தரையில் அடித்துவிட்டுத் திரும்பிப் போனான். ஆனால் வேலியைத் தாண்டவில்லை. வேலிக்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

ஹோலிஸுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஷார்லட்காரன் ஏமாற்றிவிட்டான். சாதாரண ராக்கரைக் கொடுத்துக் கூடுதல் காசு வாங்கிவிட்டான். பிறகுதான் நடந்தது முழுவதும் உறைத்தது. அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். எல்லோர் முன்னாலும், அளந்து பார்த்து, ஜெயித்துவிட்டார்கள். காரின் மட்கார்டை ஓங்கித் தட்டினான். சத்தமும் வந்தது.

"டேய் ட்ராமெல்! பாத்துக்கிட்டியா?"

ட்ராமெல் கைகளைக் கட்டிக்கொண்டான்.

"ஷார்லட், ஷார்லட்னு ஊளையிட்டியே. இது என் கையால கட்டுன எஞ்சின். எவன் வேணா வந்து தெறக்கட்டும். எத்தன தடவ வேணா தெறக்கட்டும்!" வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. ஹோலிஸ் அவர்களைப் பார்த்துக் கையை விரித்தான். "ஒண்ணு சொல்லட்டுமா? இந்த எஞ்சின் இருந்தா போதும்டா. ஒன் மாமியாரத் தூக்கி உக்கார வெச்சிருந்தாலும் இன்னிக்கு ஜெயிச்சிருக்கும்!"

கூட்டம் சிரித்தது. ட்ராமெலின் ஆட்களும்கூடச் சிரித்தார்கள்.

நோரீன் சாண்ட்விச் காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டாள். டயர் அடுக்கிலிருந்து இறங்கி, வெறுங்காலோடு சரளையில் நடந்து மேசைக்கு வந்தாள். ஆஸ்குட் முடிவுத் தாளை அவள் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"வாழ்த்துகள்" என்றார்.

அவள் பேனாவை வாங்கவில்லை.

"கொஞ்சம் இருங்க, மிஸ்டர் ஆஸ்குட். நீங்களும் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு."

"கையெழுத்தப் போடு நோரீன், போலாம்" என்றான் ஹோலிஸ். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் கைபோட வந்தான். அவள் ஒரு அடி நகர்ந்துகொண்டாள்.

"வேணாம்."

"என்ன வேணாம்?"

"காரணம் கேட்டேன், நீ சொல்லல. சொல்லியிருந்தா ரெண்டு பேரும் இப்ப வீட்டுக்குப் போயிட்டிருப்போம்."

"வீட்டுல போயி பேசிக்கலாம்" என்றான், குரலைத் தாழ்த்தி.

அவள் தாழ்த்தவில்லை. கதவருகே நின்ற ட்ராமெலுக்குக் கேட்டது, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

"ஷார்லட்காரன் ஒன்ன ஏமாத்தல, ஹோலிஸ். நீ மாட்டுன பதினாறும் நம்ம வீட்டுல வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி கெடக்கு. நீ பர்மிங்ஹாம் போயிருந்த ஞாயித்துக்கெழம டப்பாவுல பழசு கெடந்ததப் பாத்தேன். அன்னிக்கே அத நான்தான் கழட்டிட்டுப் பழச மாட்டுனேன்."