காகிதம் சுற்றிய பாட்டில்கள்

பால் பாக்கெட்டுகளை வைக்க இடம் தேடிய சூடாமணி, சமையல் மேடை மூலையில் செய்தித்தாள் சுற்றி நின்ற மூன்று பாட்டில்களைப் பார்த்துவிட்டாள். ஒன்றை எடுத்து முகர்ந்தாள். உடனே அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"டாக்டர் ஹார்ட்டுன்னுட்டுப் போயிட்டார். காரணம் இங்கன்னா இருக்கு" என்றாள் ஸஹானாவிடம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஸ்ரீகிருஷ்ணா அவளுக்குத் தம்பி, ஸஹானாவுக்குக் கணவன்.

"அவர் ஒரு சொட்டு தொட்டதில்லைக்கா. எல்லாம் என்னோடது. தேனாம்பேட்டை ஓட்டல்ல நான் பாக்கறது கணக்கு வேலை இல்லை. எந்த ஒயினை வாங்கலாம்னு ருசி பாத்துச் சொல்றதுதான் என் வேலை."

சூடாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போனவன் பேர் கெடக்கூடாதுன்னு பழியை நீ ஏத்துக்கறே. ஆனா ராஜகோபாலன் சித்தப்பா தண்ணி குடிக்க வந்தப்பவே பாத்துட்டார். வாசல்ல சொல்லிண்டிருக்கார்."

ஸஹானாவுக்குக் கோபம் வந்தது. ஓட்டலில் கணக்கு வேலை என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிவைத்தவன் ஸ்ரீகிருஷ்ணாதான். அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்போது அவனைக் குடிகாரனாக்கிக்கொண்டிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மூடிப் பார்க்காதவர்கள் சொல்வது அது.

"மூணும் போர்ச்சுகல் சிவப்பு ஒயின். லேபிள் தெரிஞ்சா மனசு ஏமாத்தும்னு பேப்பர் சுத்தி வெக்கறது அவர் பொறுப்பு. கார்த்தால மூடியைத் திறந்து காத்தாட வெச்சுட்டுத்தான் மார் வலிக்கறதுன்னு உக்காந்தார். எது எதுன்னு எனக்கும் தெரியாது. சொல்றேன், நீங்களே பிரிச்சுப் பாருங்கோ."

முதல் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, முகர்ந்து, ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டித் தொட்டியில் துப்பினாள். பிணம் கிடக்கும் வீட்டில் செய்கிற காரியமா இது என்று சூடாமணியின் முகம் கேட்டது.

"டோரோ, ஆத்துப் பேர்தான் ஒயினுக்கும். ஆத்தோரச் சரிவுல வெயில்ல பழுத்த திராட்சை. நல்ல கெட்டி. ருசியில குத்தமில்லை, ஆனா பேருக்குன்னு விலை ஏத்தியிருப்பா."

சூடாமணி பேப்பரைக் கிழித்தாள். லேபிளில் இருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தாள். சரியாக இருந்தது.

"இது டாவோ. மலைப் பக்கத்துது. மெலிசு, புளிப்பு தூக்கல். நம்மூர்ப் புளிக்குழம்புக்கு ஈடு குடுக்கும். இவ்வளவு நன்னா இருந்தும் மலிவாத்தான் கிடைக்கும். வாங்கினா இதைத்தான் வாங்கச் சொல்வேன்."

இரண்டாவது பேப்பரும் கிழிந்தது. சூடாமணி லேபிளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவை அகலத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனாள்.

"சித்தப்பா, உள்ள வாங்கோ. எல்லாரும் கேளுங்கோ. என் தம்பி குடிக்கறவன் இல்லை. அவன் ஆம்படையாளுக்கு ஒயின் ருசி பாக்கறது உத்தியோகம். நானே பரீட்சை வெச்சேன். ரெண்டுக்கு ரெண்டு சரியாச் சொன்னா."

வாசலில் இருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். சித்தப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சூடாமணி திரும்பி வந்து மூன்றாவது பாட்டிலை ஸஹானாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இதையும் பாத்துடு. அவன் சுத்தி வெச்சதாச்சே."

ஸஹானா ஊற்றி, கிளாஸைச் சுழற்றி மூக்கருகே கொண்டுபோனாள். மறுபடி சுழற்றினாள். ஒரு வாசனையும் வரவில்லை. மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியலைக்கா" என்றாள்.

சூடாமணி அந்தப் பேப்பரைக் கிழிக்கவில்லை.