பம்பர் இடுக்கில் ஒரு துண்டுச் சதை

லாரி டிரைவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட இன்ஸ்பெக்டர் நம்பவில்லை.

"நாய்தான் சார் குறுக்க பாஞ்சுச்சு. இழுத்து ரோட்டோரம் போட்டுட்டு வந்தேன்" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். போய்ப் பார்த்தால் அங்கே நாயும் இல்லை, பேயும் இல்லை. குப்பை வண்டி அள்ளிப் போயிருக்கும் என்றான். அன்று காலை அதே சாலையில் நடக்கப் போன ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரையும் காணவில்லை. லாரியின் முகப்பில் ரத்தம், பம்பர் இடுக்கில் நகத்தளவு சதை, டிரைவரின் விரலில் புதுக் கட்டு. 'கைகலப்பில் ஏற்பட்ட காயம்' என்று இன்ஸ்பெக்டர் எழுதி, அவனைப் பிடித்தும் வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் தடய அறிவியல் கூடத்துக்கு அவரே போனார். அங்கே பரிசோதனை செய்யும் அம்மாவுக்குப் போலீஸ்காரர்கள் வைத்த பெயர் 'ஆமை'. ரிப்போர்ட் கேட்டால் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டுவார்.

கண்ணாடித் தகட்டில் மெல்லிய ஜெல்லி. அதில் சின்னச் சின்னக் குழிகள். நடுக்குழியில் லாரியில் எடுத்த தடயத்தின் கரைசல், சுற்றிலும் மனிதன், நாய், ஆடு என்று ஒவ்வொரு உயிருக்கும் ஒரு சோதனை மருந்து.

"எந்த உயிரோடதோ, அதுக்கு நேரா மட்டும் வெள்ளைக் கோடு விழும் சார்."

மனிதனுக்கு நேராகக் கோடு விழுந்திருந்தது. இன்ஸ்பெக்டர் போனை எடுத்துவிட்டார்.

"போனை வைங்க. இந்தப் பக்கமும் பாருங்க."

நாய்க்கு நேராகவும் ஒரு கோடு.

"அப்ப ரெண்டு பேரையும் அடிச்சிருக்கான் மேடம்!"

"ரத்தத்தையும் சதையையும் ஒரே கவர்ல போட்டு அனுப்பினது யாரு?"

இன்ஸ்பெக்டர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அந்த அம்மா சதையைப் பலமுறை கழுவி, மேல்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளிருந்து அரிசிமணி அளவு எடுத்து மறுபடி சோதித்தார். பக்கத்திலேயே நிஜ மனித ரத்தம், நிஜ நாய் ரத்தம், வெறும் தண்ணீர் எல்லாவற்றையும் வைத்துச் சரிபார்த்தார். மறுநாள் நாய்க்கோடு மட்டுமே இருந்தது.

"சதை நாயோடது. மேல பட்ட ரத்தம்தான் மனுஷனோடது. டிரைவர் கையில காயம் இருக்கா சார்?"

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு டிரைவரிடம் கேட்கச் சொன்னார். நாயை இழுக்கும்போது பம்பர் தகரம் விரலைக் கிழித்ததாம். அதுவரை அதை அவனிடம் யாருமே கேட்கவில்லை.

"அப்ப விட்டுடலாமா?"

"மனுஷன்னு தெரியுமே தவிர, எந்த மனுஷன்னு எனக்குத் தெரியாதே."

டி.என்.ஏ. பிரிவுக்கு அந்த அம்மாவே கடிதம் எழுதி, ஒப்பிட டிரைவரின் ரத்தத்தையும் வரவழைத்துக் கொடுத்து, தினமும் மாடியேறிப் போய் விசாரித்து, ஐந்தாம் நாள் பதிலை வாங்கினார். ரத்தம் டிரைவருடையதுதான். இன்ஸ்பெக்டர் அந்த அம்மாவின் ரிப்போர்ட்டைப் படிக்கட்டில் நின்றே இரண்டு முறை படித்தார். 'இதற்கு மேல் இந்த மாதிரியிலிருந்து சொல்ல இயலாது' என்று முடிந்திருந்தது. இப்படி எழுதத் தைரியம் உள்ள ஆளை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. அன்றைக்கே டிரைவரை, ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த அவன் மனைவியோடு வீட்டுக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் வாத்தியார் வந்து இறங்கினார். வீட்டம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, தம்பி வீட்டில் இருந்திருக்கிறார். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாராம்.

ஸ்டேஷனே சிரித்தது. "இதுக்குப் போயி ஆமைகிட்ட அத்தனை நாள் உக்காந்தீங்களே சார், வாத்தியார் வந்ததும் தன்னால விட்டிருக்கலாம்" என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"அவர் வராமலே இருந்திருந்தா?" என்றார்.