கரும்பலகையில் இரண்டாவது வரி

பொன்மொழியால் இதுவரை உலகத்தில் ஒருவனும் திருந்தியது கிடையாது. இதை நான் போகிறபோக்கில் சொல்லவில்லை. 2007-இல், லாஸ்பேட்டையில் எங்கள் கல்லூரி வாசலில், இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது.

ஆராய்ச்சிக்கூடம் ஒரு கரும்பலகை. தினமும் காலை எட்டரைக்கு அட்டெண்டர் கண்ணையன் அதில் ஒரு வரி எழுதுவார். எல்லாம் சொந்தச் சரக்கு. 'செருப்பு கடித்தால் செருப்பை மாற்று, நடையை நிறுத்தாதே.' இந்த மாதிரி.

மில் மூடிய பிறகு கல்லூரிக்கு வந்தவர். எட்டு வருஷமாக வவுச்சரில் கூலி வாங்கும் தற்காலிக ஆள். அந்த மார்ச்சில்தான் நிரந்தரம் ஆகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது. "ஏப்ரலோட நானும் கவர்மெண்ட்டு ஆளுபா" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார்.

நான் செய்தது சின்ன வேலை. அவர் நகர்ந்ததும், அவருடைய கையெழுத்திலேயே கீழே இன்னொரு வரி சேர்ப்பேன். செருப்புக்குக் கீழே, 'புதுச் செருப்பு கோயில் வாசலில் கிடைக்கும்.' கல்லூரியே சிரிக்கும். அவரும் சிரித்தபடி அழிப்பார். "எவன்டா அவன், அப்பிடியே என் கையெழுத்து!"

டெல்லியிலிருந்து ஆய்வுக் குழு வந்த புதன்கிழமை அவர் எழுதியது: 'கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடி.' நான் எழுதியது: 'இங்கே தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகிறது. ஆகவே கோபம் அப்படியே இருக்கட்டும்.'

குழுவில் ஒருவர் மதுரைக்காரர். நின்று படித்து, மற்ற இருவருக்கும் ஆங்கிலத்தில் விளக்கினார். மூவரும் சிரித்தார்கள். கல்லூரி முதல்வரும் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தோம்.

மதியம் கண்ணையனைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் நாங்கள் முப்பது பேர் நின்றோம்.

"இது யார் எழுத்து?"

"என்னுது மாதிரிதான் இருக்கு சார். ஆனா ரெண்டாவது வரி நான் எழுதல."

"எழுத்து உன்னுது, வரி உன்னுது இல்ல. நல்லா இருக்குய்யா கதை."

"எவனோ பையன் சார், வெளையாட்டுக்கு..."

"பேரச் சொல்லு."

கண்ணையன் எங்கள் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "தெரியல சார்."

பக்கத்தில் நின்ற பிரேம்குமார் என் விலாவில் இடித்தான். "டேய் மாறா, போய் சொல்லித் தொலடா."

"இருடா, சார் கோவம் அடங்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை எனக்கு கேம்பஸ் இன்டர்வியூ. கோபம் அடங்கட்டும் என்றால் அதுதான் அர்த்தம்.

மறுநாளிலிருந்து கண்ணையனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை இன்டர்வியூ நடந்தது. என்னை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதல்வர் அறைக்குப் போய், அந்த வரி என்னுடையது என்றேன்.

அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "லிஸ்ட் வெள்ளிக்கிழமையே போயிடுச்சு. அவன் பேர எடுத்துட்டு வேற ஆளப் போட்டாச்சு."

"திரும்ப எழுதலாமே சார்."

"செகரட்டேரியட்டுக்குப் போன ஃபைலுப்பா. போ, பரீட்சைக்குப் படி."

எனக்குத் தண்டனைகூட கிடையாது.

சாயங்காலம், அவர் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டு தட்டாஞ்சாவடிக்கு சைக்கிளை மிதித்தேன். பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறை ஒன்றில் கண்ணையன் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கை கீழே இறங்கிவிட்டது.

"அன்னிக்கு வராந்தாவுல நீயும் நின்ன இல்ல?"

"நின்னேண்ணே."

"நான் உன் மூஞ்சியப் பாத்தேனேப்பா."

"ஆமாண்ணே."

"எட்டு வருஷம்பா" என்றார். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கத்தினான். குடக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குப் பலகை காலியாகத்தான் இருந்தது. வாசலில் யாரும் இல்லை. சாக்பீஸை எடுத்தேன். 'சொல்ல வேண்டியதை அன்றைக்கே சொல். ஆறு நாள் கழித்துச் சொன்னால் யாருக்கும் ஆகாது.'

என் சொந்தக் கையெழுத்து கோணலாக இருந்தது. கீழே, தமிழ்மாறன், மூன்றாம் ஆண்டு என்று போட்டுவிட்டு, முதல் மணி அடிப்பதற்குள் வகுப்புக்குப் போனேன்.