பேய்க்கு எந்தத் திணை

பேய்க்கதைக்காரி உட்கார முடியாமல் அச்சகத்தின் பக்கத்து அறையை அளந்துகொண்டிருந்தாள். மணி நாலு. ஆறுக்குள் நாவல் அச்சுக்குப் போயாக வேண்டும். பத்து நாவல்களால் ஊரையே போர்வைக்குள் பதுங்க வைத்தவள்தான். ஆனால் கடைசி இரண்டும் விலைபோகவில்லை. "இதுலயும் பயம் வரலேன்னா அப்புறம் நாம பேச ஒண்ணும் இல்ல, பேயம்மா" என்று பதிப்பாளர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

இந்தப் பதினோராவது நாவலில் வரும் பேய், இறந்துபோன அவளுடைய அக்கா. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இது என்ன சார்?" திருத்திய தாள்களை மெய்ப்புத் திருத்துபவர் முன்னால் போட்டாள். 'அக்கா வந்தாள்' என்று எழுதிய இடமெல்லாம் 'வந்தது'. 'நின்றாள்', 'நின்றது' ஆகியிருந்தது. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.

"பேய் அஃறிணைதானேம்மா? உங்க பத்து புக்லயும் 'அது'தான். இதுல கை தவறிப்போச்சுன்னு நெனச்சேன்."

"கை தவறல சார். அவ ஒரு பொண்ணு."

"செத்தப்புறமுமா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பதிப்பாளருக்குப் போன் போட்டாள்.

"அப்படியே விடும்மா. படிச்சப்ப எனக்கே முதுகு சில்லுன்னுச்சு. 'வந்தாள்'னா யாரோ சொந்தக்காரி காபி குடிக்க வந்த மாதிரி இருக்கு."

அவர் சொன்னது சரி. அதுதான் குடைந்தது. 'வந்தாள்' என்றால் பயம் செத்துவிடும். 'வந்தது' என்றால் அக்கா இன்னொரு முறை சாவாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

மெய்ப்புத் திருத்துபவரின் போன் அடித்தது. சின்ன மகள். "என்னடா செல்லம்? அக்கா இன்னும் ஸ்கூல்லேர்ந்து வரலையா? வந்துடும். அக்கா வந்துச்சுன்னா அப்பாவுக்குச் சொல்லு."

பேய்க்கதைக்காரி நின்றுவிட்டாள். சின்ன வயதில் ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து, 'அக்கா வந்துச்சு!' என்று தான் கத்திய குரல் காதில் விழுந்தது. வீட்டில் யார் வாயிலும் 'வந்தாள்' வந்ததே இல்லையே! நாவலில் கதையைச் சொல்வதும் ஏழு வயதுத் தங்கைதானே!

"கொஞ்சம் தள்ளுங்க சார்." கணினியை இழுத்து மூன்று வரி அடித்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

"அக்கா வந்துச்சு. கதவைத் தொறக்காமலே வந்துச்சு. எம் பக்கத்துல உக்காந்துச்சு."

அவர் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்து வீட்டுக்கு அடித்தார். "அக்கா வந்துச்சா?" பதில் வந்ததும் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "கதவைத் தட்டித்தான் வந்துச்சாம்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"பதிப்பாளர்கிட்ட என்னம்மா சொல்றது?"

"அச்சானதும் படிச்சுக்கட்டும். இன்னும் இருநூத்தி ஒம்பது இருக்கு, நீங்க பக்கத்தைச் சொல்லுங்க சார்."

நாற்காலி இருந்தது. நின்றபடியே அடிக்கத் தொடங்கினாள்.