பத்தொன்பது படிவங்கள்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குள் பள்ளி மடல் அச்சாகி, கட்டுக் கட்டாக வகுப்புகளுக்குப் போய்விட வேண்டும். பதினாறு வருஷமாக அதைத் தட்டச்சு செய்பவளை ஆசிரியர்களிலிருந்து பிள்ளைகள் வரை எல்லோரும் ஆபீஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியர் கிறுக்கித் தரும் தாளை வாங்கி, விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டு, அவர் எழுதியதை மனுஷர் படிக்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். அதைப் பற்றி அவரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

அந்த வாரம் மூன்று செய்திகள். அடுத்த ஆண்டுக்கான திட்டமிடல் கூட்டம் சனிக்கிழமை பத்து மணிக்கு. ஒன்பதாம் வகுப்பு முகாமுக்குப் போர்வை, டார்ச், பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம். மூன்றாவது, விருப்பப் பாடங்கள். "புவியியலைப் பதினொரு பேர் மட்டுமே தேர்ந்தெடுத்துள்ளதால் அடுத்த ஆண்டு அப்பாடம் நடைபெறாது."

அவள் விரல் நின்றுவிட்டது. பதினைந்து பேர் சேர்ந்தால் பாடம் உண்டு என்பது பள்ளியின் விதி. படிவங்களைப் போன வாரம்தான் எண்ணி, பாடவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். பீரோவைத் திறந்து திரும்பவும் எண்ணினாள். பத்தொன்பது. ஒருத்தி 'புவியியல்' என்று எழுதி அடியில் மூன்று கோடு வேறு இழுத்திருந்தாள்.

தாளோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், இதுல எண்ணிக்கை தப்பா இருக்கு. பத்தொன்பது பேர்."

அவர் நிமிராமலே, "தெரியும்மா. புவியியல் நடக்கிற மேப் ரூம் எனக்கு கம்ப்யூட்டருக்கு வேணும். பதினொண்ணுன்னு போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார்.

"அப்போ ரூம் வேணும்னே போடுங்க சார். அப்படியே அடிச்சுத் தர்றேன்."

"நீங்க டைப் பண்ணுங்க, போதும். யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கறேன்."

"நாளைக்குப் போன் அடிச்சா எடுக்கிறது நான்தானே சார்? பத்தொன்பது வீட்டுக்கும் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. இந்த வரிய நான் அடிக்க மாட்டேன்."

தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வந்து, படிவங்களுக்குத் திரும்பவும் ரப்பர் பேண்ட் போட்டாள்.

தலைமையாசிரியர் விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார். அந்த மனுஷர் ஒற்றை விரலால் கோழி கொத்துவது போலக் கொத்தி, நாலரை மணிக்கு மடலை முடித்தார். 'மாணவர் முகாம்' என்பது 'மாணவர் முகம்' என்று அச்சாகி, 'முகம் மூன்று நாள் நடைபெறும்' என்று வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. பதினொன்று மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

புவியியல் ஆசிரியர் தற்காலிக வேலையில் இருந்தவர். படிக்கட்டில் அவளை நிறுத்தி, "விட்டுடுங்க அக்கா. எனக்காக நீங்க ஏன் கெட்ட பேர் வாங்கணும்?" என்றார்.

"உங்களுக்காகன்னு யார் சொன்னது?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். அவர் மேலும் அவளுக்குக் கோபம்தான். பாடம் அவருடையது, வாயைத் திறக்க வேண்டியவரும் அவர்தானே?

வீட்டில் கணவர் கழற்றிப் போட்ட மிக்ஸியின் மோட்டாரைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். "ஊர் வம்பு நமக்கெதுக்கு?" என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, சாப்பிட்டுட்டுப் போய்ச் சண்டை போடு" என்றார்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் போன் மணி. பாதிப் பேர் முகம் எங்கே நடக்கிறது என்று கேட்டார்கள். ஓர் அம்மா மட்டும், "என் பொண்ணு ஆசைப்பட்டு எடுத்த பாடம்ங்க. நிஜமாவே பதினோரு பேர்தானா?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது பேர்ங்க. எண்ணினது நான்தான். நாளைக்குக் கூட்டத்துக்கு வாங்க."

சனிக்கிழமை கூட்டத்தில் வழக்கம்போல ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தாள். திட்டமிடல் நீண்டது. முகாமுக்கு இரண்டு பேருந்து என்று முடிவாயிற்று. விருப்பப் பாடம் வந்ததும் அந்த அம்மா எழுந்து எண்ணிக்கையைக் கேட்டாள்.

"பதினொண்ணு. மடல்லயே போட்டிருக்கோம்" என்றார் தலைமையாசிரியர்.

ஆபீஸ் அக்கா பேனாவை மூடிவிட்டு எழுந்தாள். குறிப்பெடுக்கிறவள் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"குறிப்புல எதை எழுதறது சார்? நீங்க சொல்ற பதினொண்ணையா, இங்க இருக்கிற பத்தொன்பதையா?" என்று கேட்டுவிட்டு குறிப்பேட்டுக்கு அடியில் கொண்டுவந்திருந்த கட்டை எடுத்து, ரப்பர் பேண்டைக் கழற்றி, படிவங்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் போட்டுச் சத்தமாக எண்ணினாள். பன்னிரண்டு என்றபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பதினைந்தில் சிரிப்பு நின்றது. பத்தொன்பதில் புவியியல் ஆசிரியர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரூம் இல்லாட்டியும் நான் நடத்தறேன் சார்" என்றார். பெற்றோர் ஆளுக்கொரு பக்கம் பேச ஆரம்பித்தார்கள்.

புவியியல் பிழைத்தது. மேப் ரூம் பிழைக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின, வரைபடங்கள் நூலகத்தின் மூலைக்குப் போயின.

திங்கட்கிழமை அவளுக்கு ஒரு மெமோ. கூட்டத்தில் ஒழுங்கீனமாக நடந்ததற்கு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். அதைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்ய வேறு ஆள் இல்லாததால் தலைமையாசிரியர் அவளிடமே நீட்டினார். 'ஒழுங்கினம்' என்றிருந்ததைத் திருத்தி, அச்செடுத்து, அவரிடம் கையெழுத்து வாங்கி, தன் பெயருக்குத் தானே பெற்றுக்கொண்டாள்.

பதிலையும் அப்போதே அடித்தாள். "எண்ணிக்கை சரி. ஆகவே மன்னிப்புக் கேட்க எதுவுமில்லை."

"இதை ஃபைல்ல வெச்சா உங்க பதவி உயர்வு என்னாகும்னு யோசிச்சீங்களா?" என்றார் அவர்.

"வெச்சுடுங்க சார். நகல் என்கிட்ட இருக்கு."