உத்தமன் நகல்

கிடர்பூர் துறைமுகச் சரக்கு ஆபீஸின் கம்ப்யூட்டர் அறையில், கணவரின் பெயரை நீக்கும் கட்டளை எழுதிய தாளோடு தமயந்தி உட்கார்ந்திருந்தாள். போன மழைக்காலத்தில் உத்தமன் மாரடைப்பில் போனபின், கருணை அடிப்படையில் அவர் நாற்காலியையே அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் பெயரில் கம்ப்யூட்டர் கணக்கு வரும்வரை உத்தமன் கணக்கிலேயே வேலை. தினமும் காலையில் மேலதிகாரி மித்ராதான் அதைத் திறந்து கொடுப்பார். இன்று அவளுடைய கணக்கு தயாராகிவிட்டது. இனி பழையதை எடுத்துவிடலாம், பௌதி என்று, அண்ணி முறை வைத்து, மித்ரா தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

முன்பெல்லாம் திரையில் வரித் தொடக்கத்தில் வெறும் அம்புக்குறி மட்டும் நிற்கும். உண்மையான விவரங்களா, பழகிப் பார்க்கும் பிரதியா என்று அது சொல்லாது. பிரதி என்று நினைத்து ஒருவர் ஒரு கப்பலின் சரக்கு விவரத்தையே அழித்துவிட்டார். அதன்பின் உத்தமன் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். ஒருநாள் சாப்பிடும்போது தானாகச் சிரித்தார்.

"அசல், நகல்னு போட்டா போதும் தமயந்தி. நமக்கும் அதே வார்த்தைதான், பெங்காலிக்கும் அதேதான். முன்னாடி ஆள் பேரு. எங்க நிக்கிறோம்னு தெரியாம எவனும் ஏமாறக் கூடாது."

அவள் அவர் பெயரைச் சொன்னதே இல்லை. டாக்டர் கேட்டால்கூட மகள் முகத்தைப் பார்ப்பாள். இங்கே ஒவ்வொரு வரிக்கும் கம்ப்யூட்டரே அந்தப் பெயரைப் போட்டுவிடும். அதைப் பார்க்கத்தான் காளிகாட்டிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்தாள். நாளையிலிருந்து அங்கே அவள் பெயர் நிற்கும்.

எதையும் முதலில் நகலில் செய்து பார்க்க வேண்டும் என்பது உத்தமன் வைத்த வழக்கம். நகலுக்குப் போய், ஒவ்வொரு எழுத்தாக அவர் பெயரை அடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு கடைசி விசையைத் தட்டினாள்.

கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. இவரை நீக்க முடியாது, இவர் இப்போது உள்ளே வேலையில் இருக்கிறார் என்றது. காலையில் மித்ரா வழக்கம்போல உத்தமன் கணக்கைத் திறந்து கொடுத்ததும், அதிலிருந்து வெளியே வராமலே அதை நீக்கப் பார்த்ததும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆயிற்றா என்று மித்ரா தன் மேஜையிலிருந்து கேட்டார்.

"இல்ல தாதா. அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு."

அண்ணா என்கிற தாதாவைத் தவிர மற்றதைத் தமிழில் சொல்லிவிட்டாள். மித்ராவுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து வருவதற்குள் இன்னும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். திரையில் அடுத்த வரி வந்து நின்றிருந்தது. உத்தமன், பக்கத்திலேயே நகல், அதற்குப் பிறகு விட்டுவிட்டு மினுங்கும் சின்னக் கோடு.