பூஜ்யம் விடை ஆகாது

எஸ்.எஸ்.எல்.சி. பேப்பர் திருத்தும் முகாமில் தமிழ் மீடியம் கணக்குக்கு ஒரு மூலையில் ஒரே மேஜைதான் போடுவார்கள். பெங்களூரில் தமிழில் கணக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் அவ்வளவு பேர்தான். அந்த மேஜையில் ஜெயலக்ஷ்மிக்கு வருஷம் தவறாமல் இடம் உண்டு. கண்டோன்மென்ட் பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு மல்லேஸ்வரம். எதிர் நாற்காலியில் பிரேசர் டவுன் ஹெர்பர்ட், அவரும் கணக்கு வாத்தியார்.

1999 ஏப்ரலில், புதிதாகப் பிரித்த ஒரு கட்டின் முதல் பேப்பரில் ஜெயலக்ஷ்மியின் சிவப்புப் பேனா நின்றது. x² = 5x என்ற சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லும் சுலபமான கேள்வி. தன்னால் பெருக்கினாலும் ஐந்தால் பெருக்கினாலும் ஒரே தொகை வரும் எண் எது? ஐந்து. பூஜ்யமும்தான். இரண்டையும் எழுதினால் முழு மார்க். அந்தப் பிள்ளை படிப்படியாகச் சரியாகப் போட்டு இரண்டையும் கண்டுபிடித்திருந்தது. பிறகு கீழே எழுதியிருந்தது: "பூஜ்யம் என்பது ஒன்றும் இல்லை. ஆகவே பூஜ்யம் விடை ஆகாது. விடை 5."

ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும்.

"காப்பி அடிச்சிருக்குங்க மேடம்," என்றார் ஹெர்பர்ட், எட்டிப் பார்த்து.

"இல்ல சார். மத்த கணக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மாதிரி போட்டிருக்கா. இது கிளாஸ்ல சொல்லிக் குடுத்தது."

சொல்லும்போதே அவளுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது.

சொர்ணம். 1991-ல் பி.எட். பயிற்சிக்காக அவளுடைய பள்ளிக்கு வந்த பெண். விவேக் நகரில் வீடு, அப்பா மில் தொழிலாளி, குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டே நாளில் அவள் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தார்கள். வகுப்பில் ஒருவரும் தூங்கமாட்டார்கள். பாடம் எடுப்பதைக் கவனித்துக் குறிப்பு எழுதும் பொறுப்பு ஜெயலக்ஷ்மிக்கு. கடைசிப் பாடத்தன்று அவள் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இதே மாதிரி ஒரு சமன்பாடு. ஒரு பெண் எழுந்து, "மிஸ், பூஜ்யமும் சரியா வருதே?" என்று கேட்டாள். சொர்ணம் சிரித்துக்கொண்டே, "பூஜ்யம்னா ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் இல்லாதது எப்படி விடை ஆகும்?" என்றாள். வகுப்பே சிரித்தது. கேட்ட பெண்ணும் சிரித்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டுச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொர்ணம் முகமெல்லாம் வேர்வையும் சந்தோஷமுமாக ஓடிவந்து, "எப்படி மேடம் இருந்துச்சு?" என்று கேட்டபோது வாய் வரவில்லை. பாவம், கடைசி நாள், எவ்வளவு ஆசையாகக் கேட்கிறாள் என்று தோன்றியது. பஸ்ஸுக்கும் நேரமாகியிருந்தது.

"நன்னா இருந்தது," என்றாள். குறிப்பிலும் அப்படியே எழுதிக் கொடுத்தாள்.

அன்றைக்கு அது இரக்கம் என்றுதான் அவளுக்குப் பட்டது. இப்போது திருத்தும் மேஜையில் உட்கார்ந்திருக்கையில் வேறொன்று நினைவுக்கு வந்தது. மகன் ஷ்ரேயாஸின் கணக்கை அவள் ஒருநாளும் அப்படி விட்டதில்லை. ஒரு கழித்தல் குறி தப்பினால்கூட, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வாள். அவன் அழுதிருக்கிறான். அவள் விட்டதில்லை.

கட்டின் நடுவில் ஒரு பேப்பர் ஒரே ஒரு மார்க்கில் தோற்று நின்றது. எங்காவது ஒரு மார்க் கிடைக்காதா என்று முதலிலிருந்து மறுபடி படித்தாள். கிடைக்கவில்லை.

"கிரேஸ் மார்க் போடுவாங்க, விடுங்க மேடம்," என்றார் ஹெர்பர்ட். "மார்க் ஸ்கீம்ல என்ன இருக்கோ அத மட்டும் போடுங்க. டீச்சர் செஞ்ச தப்புக்கு நாம என்ன பண்றது?"

அவள் கூட்டிப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

ஜூனில் பள்ளிகள் திறந்ததும் விசாரித்துக்கொண்டு போனாள். சொர்ணம் விவேக் நகரிலேயே ஒரு தனியார் தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்களிடம், "இவங்கதான் எங்க கைட் மேடம். எனக்கு டீச்சிங் வரும்னு மொதல்ல சொன்னவங்க," என்றாள். டீக்குச் சொல்லி அனுப்பினாள்.

மற்றவர்கள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்து ஜெயலக்ஷ்மி விஷயத்தைச் சொன்னாள். சொர்ணம் முதலில் ஒப்பவில்லை.

"நீளம், அகலம்னு வர்ற கணக்குல பூஜ்யம் வந்தா நாமளே விட்டுடறோமே மேடம்?"

"அங்க ஒரு வயலோ சுவரோ இருக்கு. நீளம் பூஜ்யமா இருக்க முடியாது, அதனால விடறோம். இங்க வெறும் எண்தானே கேக்கறா? நீயே போட்டுப் பாரு."

சொர்ணம் ஒரு தாளை இழுத்துப் போட்டுப் பார்த்தாள். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கினாள். ஐந்தால் பெருக்கினாள். பேனாவை மூடி வைத்தாள். டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை.

"புக்ல பின்னாடி பூஜ்யம்னும் போட்டிருக்கும் மேடம். அத விட்டுடணும்னு நான்தான் சொல்லிக் குடுப்பேன்." தலையை நிமிர்த்தினாள். "இத நான் உங்க முன்னாடியே எடுத்தேனே. நீங்க பின்னாடி உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அந்தப் பதிலைத்தான் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தபோது அது வரவில்லை.

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே மேடம். சும்மனே விட்டுட்டீங்களே. சொல்லி இருந்தா அழுதிருப்பேன். அழுதுட்டுக் கத்துட்டிருப்பேன். இத்தன வருஷம், இத்தன புள்ளைங்க..." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "இவளுக்கு இவ்ளோதான் வரும்னு நெனச்சிட்டீங்களா?"

"அப்படி இல்லம்மா" என்று ஆரம்பித்த ஜெயலக்ஷ்மி பாதியில் நிறுத்தினாள். அப்படி இல்லை என்று அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மணி அடித்தது. சொர்ணம் சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சனிக்கிழமை மத்தியானம் ஆத்துக்கு வா சொர்ணம். புக்க மொதல்லேர்ந்து பாத்துடலாம்."

"வர்றேன் மேடம்," என்றாள் சொர்ணம். மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையும் அடுத்ததும் ஜெயலக்ஷ்மி பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்துக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. சில வாரங்களுக்குப் பிறகு பள்ளிக்குப் போன் செய்தபோது, கிளாஸில் இருக்கிறார் என்றார்கள். திரும்பக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிடவில்லை.

அடுத்த ஏப்ரலில் முகாமின் முதல் நாளே ஹெர்பர்ட் சொன்னார்: "விவேக் நகர் சொர்ணம் டீச்சர் உங்க ஸ்டூடண்டாமே? ஆறு மாசமா சனிக்கிழமை தவறாம என் வீட்டுக்கு வர்றாங்க. ஒவ்வொரு சாப்டரா உக்காந்து போடறாங்க. எல்லாத்தையும் கேக்கறாங்க மேடம், கொஞ்சம்கூட வெக்கப்படறதில்ல. போன பேட்ச் புள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போய், தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்னு அவங்களே சொல்லிட்டு வந்தாங்களாம்."

"அப்படியா," என்றாள் ஜெயலக்ஷ்மி.

"உங்களப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல. நல்ல மாதிரிதான் சொன்னாங்க. ரொம்பச் சாது, யார் மனசையும் நோகடிக்க மாட்டாங்கன்னு."

ஜெயலக்ஷ்மி தலையை ஆட்டிவிட்டு ஒரு கட்டைப் பிரித்தாள். முதல் பேப்பரின் எழுத்துகள் சற்று நேரம் கண்ணில் தெளியவில்லை.